திரும்பப் பெற்ற மசோதா

பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தக் குதிரையைப் பார்த்தேன். கடிவாளம் உரசி வாயின் இரு ஓரங்களும் புண்ணாகியிருந்தன. சேணத்தின் விளிம்பில் ஈக்கள் மொய்த்தன. பின்னங்கால் ஒன்றை மணலில் முழுதாக ஊன்ற இயலாமல், குளம்பின் நுனியால் தொட்டுத் தொட்டு நடந்தது. அதன் முதுகில் ஒரு சிறுவன் பூரிப்போடு அமர்ந்திருந்தான். தந்தை கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சுற்றுக்கு நூறு ரூபாய்.

மறுநாள் காவல் நிலையம் ஒன்றுக்குச் சென்று புகார் அளித்தேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பின்னர், சட்டப் பிரிவைத் தேடி எடுத்து எனக்கே காட்டினார். வேலைக்குத் தகுதியற்ற நிலையில் உள்ள விலங்கை வேலை வாங்குவது குற்றம்தான். ஆனால், பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் அன்று. நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டால், முதல் முறை செய்த குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. சவாரிக் கட்டணத்தில் சரிபாதி. அதைச் சொல்லும்போது அவர் குரலில் கேலி இல்லை; ஒரு சங்கடமே இருந்தது. அந்தச் சங்கடத்தோடு நானும் வெளியே வந்தேன்.

அந்தச் சட்டம் 1960-ல் இயற்றப்பட்ட விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். அது பிறக்கக் காரணமாக இருந்த பெண்மணி வாழ்ந்து பணியாற்றிய இடம், குதிரை நொண்டி நடந்த மணலிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் இருக்கிறது. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவைத் தமிழ்நாடு அறியும். அதை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேலையும் அறியும். பரதநாட்டியம் என்றதும் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று அவருடையது. ஆனால், இந்தியாவில் ஒரு மாட்டுக்கோ நாய்க்கோ யானைக்கோ ஆதரவாக யார் நீதிமன்றப் படியேறினாலும், அவர்கள் கையில் எடுத்துச் செல்வது அவருடைய முயற்சியின் விளைவைத்தான் என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. அந்தக் குதிரையைப் பார்க்கும் வரை நானும் அதைப் பற்றி அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை.

அடையாறு தந்த கல்வி

ருக்மிணி தேவி 1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தார். தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறைப் பொறியாளர், தாய் சேஷம்மாள். சாஸ்திரி, அன்னி பெசன்ட் அம்மையாரின் கருத்துகளால் ஈர்க்கப்பட்டுப் பிரம்மஞான சபையில் இணைந்தவர். பணி ஓய்வுக்குப் பிறகு குடும்பம் அடையாறில் சபையின் அருகிலேயே குடியேறியது. ஆற்றங்கரையில், கடலோரத்தில், பெரிய ஆலமரத்தின் நிழலில் பல நாட்டவரும் கூடிப் பேசிய அந்தச் சூழலே அந்தச் சிறுமியின் பள்ளி.

பிரம்மஞான சபையைப் பற்றி எத்தனையோ விமர்சனங்கள் உண்டு. ஆனால், ஒரு செய்தியில் அது தன் காலத்தை முந்தி நின்றது. எல்லா உயிர்களுக்கும் அடிப்படையில் உறவு உண்டு என்பதை அது கொள்கையாகவே ஏற்றிருந்தது. அன்னி பெசன்ட் புலால் உண்ணாதவர். ஆய்வுக்கூடங்களில் உயிருள்ள விலங்குகளை அறுத்துச் சோதிப்பதைக் கடுமையாக எதிர்த்தவர். தமிழ் மரபில் கொல்லாமை என்பது பழைய சொல். திருக்குறளில் அதற்குத் தனி அதிகாரம் உண்டு. வள்ளலார் அதை ஒரு வாழ்க்கை நெறியாகவே ஆக்கினார். ஆனால், தனிமனிதர் காக்க வேண்டிய நெறியாக இருந்த அதை, அமைப்பு கட்டி, சட்டம் கேட்டு, அரசிடம் வாதாட வேண்டிய பொதுப் பிரச்சினையாகப் பார்க்கும் பழக்கம் அடையாறில் இருந்தது. ருக்மிணி தேவி பெற்ற கல்வியில் இதுவே மிக முக்கியமானது என்பது என் எண்ணம்.

1920-ல், பதினாறாம் வயதில், தம்மைவிட இருபத்தைந்து ஆண்டுகள் மூத்த ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை அவர் மணந்தார். பிராமணக் குடும்பத்துப் பெண் ஓர் ஐரோப்பியரை மணப்பதா என்று சென்னைப் பட்டணம் கொந்தளித்தது. ஏச்சையும் பேச்சையும் இளம் வயதிலேயே தாங்கப் பழகிவிட்டவர் என்பதை மனத்தில் கொண்டால், பின்னாளில் நாடாளுமன்றத்தில் அவர் தனித்து எழுந்து நின்றது வியப்பளிக்காது.

கணவருடன் உலகம் சுற்றியபோது ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்புக் கிடைத்தது. சொந்த நாட்டின் கலையைத் தேடும்படி பாவ்லோவா தந்த அறிவுரை, அவரைச் சதிர் ஆட்டத்தின் பக்கம் திருப்பியது. 1933-ல் சென்னை மியூசிக் அகாடமியில் பந்தநல்லூர் மரபைச் சேர்ந்த சகோதரியரின் ஆட்டத்தைக் கண்டார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றார். 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் வைர விழாவில் அரங்கேறினார். மறு ஆண்டு கலாக்ஷேத்ரா பிறந்தது.

இந்தப் பகுதி பலரும் அறிந்தது. அதன் மீதான விமர்சனமும் அறிந்ததே. பரம்பரையாக அந்தக் கலையைக் காத்து வந்த இசை வேளாளர் சமூகத்துப் பெண்கள் மேடையிலிருந்து ஒதுங்க நேர்ந்த அதே காலத்தில், மேல்தட்டுப் பெண்கள் மேடையேறினர். கலையிலிருந்து சிருங்காரத்தைக் குறைத்துவிட்டார் என்பது டி.பாலசரஸ்வதியின் வருத்தம். இந்த விமர்சனங்களில் நியாயம் இருக்கிறது. அவர் வாழ்வைச் சொல்ல வந்தவர் இதை மறைப்பது சரியாகாது. ஆனால், அவர் செய்த வேறொரு வேலை இந்த விவாதத்தின் நிழலிலேயே மறைந்துபோனதும் சரியன்று.

மாநிலங்களவையில் ஒரு குரல்

1945-ல் ஜார்ஜ் அருண்டேல் காலமானார். 1952-ல் குடியரசின் முதல் மாநிலங்களவை அமைந்தபோது, நியமன உறுப்பினர் பன்னிருவரில் ஒருவராக ருக்மிணி தேவி தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜாகிர் உசேன், இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸ், நடிகர் பிருத்விராஜ் கபூர், சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் அமர்ந்திருந்த வரிசை அது. கலைஞர் என்ற தகுதியில் அமர்த்தப்பட்டவர் கலைக்கு நிதி கேட்பார் என்றே எவரும் எதிர்பார்த்திருப்பர். அவர் விலங்குகளைத் துன்புறுத்துவதைத் தடுக்க ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார்.

அதுவரை நாட்டில் இருந்தது 1890-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டம். அது இயற்றப்பட்டபோது, தெருவிலும் பொதுமக்கள் கண்ணில் படும் இடங்களிலும் நடக்கும் கொடுமைகளையே பெரிதும் குறிவைத்தது. கடைத்தெருவில் மாட்டை அடித்தால் குற்றம்; நான்கு சுவர்களுக்குள் அடித்தால் பெரும்பாலும் எவருக்கும் கவலையில்லை. பார்ப்பவர் மனம் புண்படக் கூடாது என்பதே அதன் உள்நோக்கமோ என்று ஐயுற இடமுண்டு. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமோ இன்னும் வெளிப்படையானது. பத்து ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள விலங்கைக் கொன்றால், நஞ்சிட்டால், ஊனப்படுத்தினால் தண்டனை என்றது. அங்கே விலங்கு என்பது ஒருவரின் சொத்து. சேதத்துக்கு உள்ளானவர் உரிமையாளர். வலியை உணர்ந்த உயிருக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

ருக்மிணி தேவியின் மசோதா எழுப்பிய கேள்வி இங்கேதான் வேறுபடுகிறது. விலங்கின் விலை என்ன, அது யாருடையது, எங்கே வைத்து அடிக்கப்பட்டது என்பன அல்ல கேள்விகள். அது துன்புற்றதா, அந்தத் துன்பம் தேவையற்றதா என்பதே கேள்வி. இன்று இது நமக்கு எளிதாகத் தோன்றலாம். விடுதலை பெற்று ஐந்தாறு ஆண்டுகளே ஆகியிருந்த, உணவுப் பஞ்சமும் அகதிகள் துயரும் தீராத ஒரு நாட்டில், மனிதரையே காக்க வழியறியாதபோது மாட்டுக்கு என்ன அவசரம் என்ற வினா இயல்பாகவே எழுந்திருக்கும். அந்த வினா இன்றும் எழுகிறது.

1954-ல் மசோதா அவையில் விவாதிக்கப்பட்டபோது பிரதமர் நேருவே குறுக்கிட்டுப் பேசினார். நோக்கத்தோடு அவருக்கு உடன்பாடு இருந்தது. ஆயினும், இத்தகைய சட்டத்தைப் பல கோணங்களிலும் ஆராய்ந்து அரசே கொண்டுவருவது நல்லது என்றும், அதற்கென ஒரு குழு அமைக்கப்படும் என்றும் கூறி, மசோதாவைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொண்டார். ருக்மிணி தேவி அதற்கு இணங்கினார்.

இந்த இடத்தில் நான் சற்று நின்று யோசிக்கிறேன். தம் கையால் கொண்டுவந்த ஒன்றை, ஒரு வாக்குறுதியை மட்டும் நம்பி, தாமே விலக்கிக்கொள்வது எளிதன்று. அரசுக் குழுக்கள் பலவற்றின் அறிக்கைகள் தூசு படிந்து கிடக்கும் நாடு இது. பிடிவாதமாக வாக்கெடுப்புக் கேட்டிருந்தால் அவருக்கு ஒரு வீரத் தோல்வி கிடைத்திருக்கும், சட்டம் கிடைத்திருக்காது. இந்திய நாடாளுமன்ற வரலாற்றில் இதுவரை பதினான்கு தனிநபர் மசோதாக்களே சட்டமாகியிருக்கின்றன; கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-ல். அவர் தம் பெயரை விட்டுக்கொடுத்துப் பொருளைக் காத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குழு அமைந்தது, நாடெங்கும் சென்று ஆராய்ந்து அறிக்கை தந்தது. 1956-ல் ருக்மிணி தேவி இரண்டாம் முறையாக நியமிக்கப்பட்டார்; அதே ஆண்டு பத்மபூஷண் விருதும் பெற்றார். 1960 டிசம்பரில், 59-ஆம் எண் சட்டமாக, விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. வாக்குறுதிக்கும் சட்டத்துக்கும் இடையே ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன.

சட்டம் தந்ததும் தராததும்

அந்தச் சட்டத்தை முழுமையாக ஒரு முறை படித்துப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்வேன். மனிதர் நீங்கலாக உள்ள எந்த உயிரினமும் விலங்கு என்கிறது அதன் விளக்கம். ஒரு விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலம் பேணவும், தேவையற்ற வலியோ துன்பமோ நேராமல் தடுக்கவும் கடமைப்பட்டவர் என்கிறது மூன்றாம் பிரிவு. பதினோராம் பிரிவு குற்றங்களைப் பட்டியலிடுகிறது: அடித்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், நோயுற்ற விலங்கை வேலை வாங்குதல், வலிக்கும் வகையில் வண்டியில் ஏற்றிச் செல்லுதல், அசைய இடமில்லாத கூண்டில் அடைத்தல், நாயை எந்நேரமும் சங்கிலியில் கட்டி வைத்தல், பசியால் துன்புறும்படி கைவிடுதல், விலங்குகளைச் சண்டைக்கு மூட்டிவிடுதல். அடிமாடுகளை நெருக்கியடித்து ஏற்றிச் செல்லும் லாரி முதல் கோழிக் கூண்டு வரை எதுவும் அதன் பார்வைக்குத் தப்பவில்லை. பால் சுரக்க வேண்டிப் பசுவின் பிறப்புறுப்பில் காற்றூதும் பூக்கா என்ற கொடிய வழக்கத்துக்குத் தனிப் பிரிவே உண்டு. அதற்கு ஆயிரம் ரூபாய் அபராதமோ இரண்டாண்டுச் சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

ஆனால், எல்லாரும் ஏற்கும் சட்டமாக அது வெளிவர வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடச் சோதனைகள் தடை செய்யப்படவில்லை. கண்காணிக்க ஒரு குழு அமைக்க வழி செய்யப்பட்டது. எந்தச் சமயத்தவரும் தம் சமயம் வேண்டும் முறையில் விலங்கைக் கொல்வது குற்றமாகாது என்றது 28-ஆம் பிரிவு. விலங்கறுவைச் சோதனையை வாழ்நாள் முழுதும் எதிர்த்த ருக்மிணி தேவிக்கு இவை மனநிறைவு அளித்திருக்க வழியில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் வெறும் சைவ உணவினர் மட்டுமல்லர். 1955 முதல் உலக சைவ உணவாளர் சங்கத்தின் துணைத் தலைவர்களுள் ஒருவர். 1957-ல் அச்சங்கத்தின் உலக மாநாடு இந்தியாவில் நடந்தது. அத்தகையவரின் முயற்சியால் விளைந்த சட்டம், புலால் உண்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. உண்பவர் யார், எச்சாதியார், எம்மதத்தார் என்று அது கேட்பதில்லை. உண்ணப்படப்போகும் விலங்கும் உயிரோடு இருக்கும் வரை வதைபடக் கூடாது என்கிறது. தம் சொந்த விரதம் வேறு, குடியரசிடம் கேட்கக்கூடிய நீதி வேறு என்ற தெளிவு இதில் இருக்கிறது. விலங்குநலம் என்ற பெயரில் மனிதரை வேட்டையாடும் கும்பல்களைக் கண்டுவிட்ட நமக்கு, இந்தத் தெளிவின் அருமை அவர் காலத்தைவிட இன்று நன்றாக விளங்குகிறது.

வானரங்களின் பயணம்

1955-ல் கலாக்ஷேத்ராவில் ராமாயண நாட்டிய நாடகத் தொடரின் முதல் பகுதியான சீதா சுயம்வரம் அரங்கேறியது. 1970 வரை ஆறு பகுதிகளாக விரிந்த அந்தத் தொடர் அவருடைய கலைவாழ்வின் பெரும் சாதனை. வானரங்கள் அதில் மேடையில் ஆடின. அதே ஆண்டுகளில் மெய்யான வானரங்கள் மரக்கூண்டுகளில் அடைபட்டு விமானங்களில் ஏறிக்கொண்டிருந்தன.

இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தைத் தயாரிக்கச் செம்முகக் குரங்குகளின் சிறுநீரகத் திசுக்கள் தேவைப்பட்டன. வட இந்தியாவில் பிடிக்கப்பட்ட குரங்குகள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றன. வணிகம் உச்சத்தில் இருந்தபோது ஓராண்டில் ஒரு லட்சத்துக்கும் மேல். 1955 தொடக்கத்தில் லண்டன் விமான நிலையத்தில், காற்றோட்டமில்லாத வண்டியில் அடைத்து வைக்கப்பட்ட நூற்றுக்கணக்கான குரங்குகள் மூச்சுத்திணறி மாண்டன. இந்தியா சில காலம் ஏற்றுமதியை நிறுத்தி, பின்னர் நிபந்தனைகளோடு அனுமதித்தது.

எளிதில் தீர்ப்புச் சொல்லக்கூடிய வழக்கன்று இது. அந்தத் தடுப்பு மருந்து லட்சக்கணக்கான குழந்தைகளின் கால்களைக் காத்தது. என் தலைமுறையில் அந்த மருந்தின் பயனைப் பெறாதவர் அரிது. ஆனால், நன்மைக்காகத் திறக்கப்பட்ட கதவு நன்மையோடு நிற்கவில்லை. மருத்துவத்துக்கென்று அனுப்பப்பட்ட குரங்குகள் அமெரிக்காவில் அணுக்கதிர்வீச்சு ஆயுத ஆய்வுகளில் பயன்படுத்தப்பட்டது எழுபதுகளில் அம்பலமானது. 1978-ல் மொரார்ஜி தேசாய் அரசு ஏற்றுமதியை முற்றாகத் தடை செய்தது. விலங்குச் சோதனைக்கு எதிராக முதலிலிருந்தே எச்சரித்து வந்தவர்களின் ஐயம் வெறும் உணர்ச்சிவயப்பட்டதன்று என்பதை அந்த நிகழ்வு காட்டியது.

அதே மொரார்ஜி தேசாய் 1977-ல் ருக்மிணி தேவியைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு முன்மொழிய விரும்பினார். அவர் மறுத்துவிட்டார். அப்போது அவருக்கு இரண்டு பணிகள் கையில் இருந்தன. ஒன்று கலாக்ஷேத்ரா. மற்றொன்று, 1960 சட்டத்தின்படி 1962-ல் அமைக்கப்பட்ட இந்திய விலங்குகள் நல வாரியம். அதன் முதல் தலைவர் அவர்தான். வாரியத்தின் தலைமையகம் தில்லியில் அல்லாமல் சென்னையில் அமைந்தது. அரைநூற்றாண்டுக்கும் மேலாக இங்கேயே இயங்கிய பிறகே அது அரியானாவுக்கு மாறியது.

1986 பிப்ரவரி 24 அன்று அவர் சென்னையில் காலமானார். 82-ஆம் பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருந்தன.

ஒரு மிருதங்கத்தின் ஒலி

அவரைப் பற்றி எழுத முடிவு செய்தபின் ஒரு மாலை கலாக்ஷேத்ராவில் நிகழ்ச்சி ஒன்றுக்குச் சென்றேன். மரங்களுக்கிடையே பறவைகள் அடங்கும் நேரம். மிருதங்கம் ஒலிக்கத் தொடங்கியதும் எனக்குள் ஒரு முள் தைத்தது. அந்த ஒலி பிறப்பது மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோலிலிருந்து. அதைப் பதப்படுத்தி, வாரிட்டுக் கட்டித் தருபவர்கள் மேடையில் பெயர் சொல்லப்படாதவர்கள். புலால் மறுத்த ஒருவர் எழுப்பிய கலைக்கோயிலின் நாதமே ஒரு விலங்கின் தோல். அவர் அணிந்து புகழ்பெற்ற பட்டும் அப்படியே. புழுவின் உயிர் போகாமல் அந்த நூல் வருவதில்லை.

இதை அவர் மீதான குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நம்மில் எவரும் விலங்கின் துன்பத்திலிருந்து முழுதாக விலகி வாழ்வதில்லை என்பதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் காலணி, என் காபியில் கலந்த பால், நான் விழுங்கும் மாத்திரை என யாவற்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு விலங்கு நிற்கிறது. முழுத் தூய்மை கைகூடாது என்பதால் எதையும் செய்யாமல் இருப்பது ஒரு வழி. தேவையற்ற துன்பம் எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறைத்துக்கொண்டே போவது மற்றொரு வழி. 1960 சட்டம் இரண்டாம் வழியைத் தேர்ந்தது. அதன் உயிர்நாடியே தேவையற்ற என்ற அந்த ஒரு சொல்தான்.

அந்தச் சொல்லின் வலிமையை நாடு பின்னர் பலமுறை கண்டது. இச்சட்டத்தின் கீழ் வந்த அறிவிக்கைகளால் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவை சர்க்கஸ் கூடாரங்களிலிருந்து வெளியேறின. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யும் விதிகள் 2001-ல் இச்சட்டத்தின் கீழேயே இயற்றப்பட்டன. 2014-ல் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்ததும் இதுவே. வழக்கு நடத்தியது அவர் தலைமை தாங்கிய அதே வாரியம். 2017-ல் மெரினாவில் இளைஞர்கள் திரண்டதும், தமிழ்நாடு அரசு இச்சட்டத்துக்கே திருத்தம் கொண்டுவந்ததும், 2023-ல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றதும் அண்மை வரலாறு. அந்த விவாதத்தில் யார் பக்கம் நின்றவராயினும் ஒன்றை மறுக்க முடியாது. இரு தரப்பினரும் காளை துன்புறுகிறதா இல்லையா என்ற கேள்விக்கே விடை சொல்ல வேண்டியிருந்தது. காளை யாருடைய சொத்து என்று எவரும் வாதிடவில்லை. கேள்வியை மாற்றியமைத்ததுதான் ருக்மிணி தேவியின் வெற்றி.

ஐம்பது ரூபாய்

தோல்வி நம்முடையது. 1960-ல் ஐம்பது ரூபாய் என்பது ஒரு வண்டிக்காரருக்குப் பெருந்தொகை. அடுத்த முறை சாட்டையை ஓங்குமுன் அவர் யோசித்திருப்பார். 1982-ல் சட்டம் திருத்தப்பட்டு, பால் கறக்கத் தீங்கான ஊசி போடுவதும் குற்றமாக்கப்பட்டது. ஐம்பது ரூபாய் உச்சவரம்பு மட்டும் அசையவில்லை. கழுதைக்கும் யானைக்கும், தனிமனிதருக்கும் ஆயிரக்கணக்கில் கோழி வளர்க்கும் நிறுவனத்துக்கும் அதே ஐம்பது ரூபாய். 2022-ல் அபராதத்தையும் தண்டனையையும் பெரிதும் உயர்த்தும் திருத்த வரைவை மத்திய அரசு வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. இதை எழுதும் நாள் வரை அது சட்டமாகவில்லை.

தண்டனையை உயர்த்தினால் போதும் என்று நான் கருதவில்லை. அந்தக் குதிரைக்காரரோடு பேசியபோது அதைப் புரிந்துகொண்டேன். காவல் நிலையத்திலிருந்து நேரே அவரிடம்தான் சென்றேன். சண்டைக்கு வந்தவன் என்று நினைத்து முதலில் முகம் திருப்பிக்கொண்டார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை வருமானத்தில்தான் குதிரைக்குக் கொள்ளும் வீட்டுக்கு அரிசியும் வாங்குவதாகச் சொன்னார். அதை ஓய்வில் நிறுத்தினால் இரண்டுமே இல்லை. காலில் என்ன என்று பார்க்க ஒரு மருத்துவர் வருவாரா என்று அவரே கேட்டார். அபராதம் ஐந்தாயிரமாக இருந்திருந்தால் அவர் குதிரையை இரவோடிரவாக எங்கோ விற்றிருப்பார். அதன் துன்பம் என் கண்ணிலிருந்து மறைந்திருக்கும், அவ்வளவே.

சட்டத்தை எழுதியவர்கள் இதையும் மறக்கவில்லை. புண்பட்ட விலங்குகளைச் சேர்த்துச் சிகிச்சை அளிக்க மருத்துவமனைகளை மாநில அரசுகள் நியமிக்கலாம் என்கிறது 35-ஆம் பிரிவு. கால்நடை மருத்துவ உதவி, தண்ணீர்த் தொட்டிகள், நிழற்கொட்டகைகள், சுமை குறைந்த வண்டிகளின் வடிவமைப்பு ஆகியவற்றைப் பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்வது வாரியத்தின் கடமைகளில் அடங்கும். வண்டியின் பாரத்தைக் குறைக்க வழி சொல்லாமல் வண்டிக்காரரை மட்டும் தண்டிப்பது அந்தச் சட்டத்தின் மனம் அன்று. அபராதம் காலத்துக்கேற்ப உயர வேண்டும்; பெரிய அளவில் வதை செய்து பொருளீட்டுவோருக்குச் சிறைத்தண்டனை உறுதியாக வேண்டும்; விலங்கை நம்பி வாழும் ஏழைக்கு மருத்துவமும் மாற்றுத் தொழிலும் கிடைக்க வேண்டும். இம்மூன்றும் சேர்ந்தால்தான் 1954-ல் ஒரு பெண்மணிக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதி முழுமையடையும்.

மறுநாள் கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்துச் சென்றேன். குளம்பின் அடியில் ஆணியொன்று ஏறிச் சீழ் பிடித்திருந்தது. மருத்துவர் அதை அகற்றி, புண்களுக்கு மருந்திட்டு, மூன்று வாரம் எவரும் ஏறக் கூடாது என்றார். அந்த மூன்று வாரத் தீவனச் செலவைக் கடற்கரையில் நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்கள் சிலர் பகிர்ந்துகொண்டோம். இது தீர்வு என்று சொல்ல மாட்டேன். அந்தக் கடற்கரையிலேயே வேறு குதிரைகள் இருக்கின்றன. எல்லா ஊர்க் கடற்கரைகளிலும் இருக்கின்றன.

ஒரு மாதம் கழித்து மீண்டும் அதைப் பார்த்தேன். நான்கு கால்களையும் ஊன்றி, ஈரமணலில் குளம்புத் தடம் பதிய, நடந்துகொண்டிருந்தது. முதுகில் ஒரு குழந்தை இருந்தது. கடிவாளத்துக்கு உள்ளே மென்துணி சுற்றப்பட்டிருந்தது. அதைச் சுற்றச் சொல்லி நாங்கள் எவரும் கேட்கவில்லை.